இரண்டு இடமா, நான்கு இடமா?

அன்புள்ள தம்பிக்கு,

நலம் என்று ஒரு வரியில் எழுதினால் நீ நம்ப மாட்டாய், அதனால் உள்ளதையே எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் தினமும் ஒரு சண்டை போட்டுக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு, நன்றாக இருக்கிறோம். உன் கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது. சமையல்காரர் வந்து முன்பணம் வாங்கிக்கொண்டு, பந்திக்கு எத்தனை பேர் என்று கேட்டார். நான் ஒரு எண் சொன்னேன், அப்பா ஒரு எண் சொன்னார். மனுஷர் இரண்டையும் கேட்டுவிட்டு, "நீங்க பேசி வைங்கம்மா, நான் வெள்ளிக்கிழமை வாரேன்" என்று எழுந்து போய்விட்டார். இந்த வீட்டில் இப்படித்தான் நடக்கிறது. நீ இருந்த காலத்தில் இப்படி இல்லை. அது ஏன் மாறியது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். பொறுமையாகப் படி, எனக்குச் சுருக்கமாக எழுத வராது.

போன வாரம் உன் கடிதம் வந்தது. கல்யாணம் முடிந்ததும் பம்பாய் வேலையை விட்டுவிட்டு மதுரைக்கே வந்துவிடுகிறேன், நீங்கள் இருவரும் ஆசைப்பட்டபடியே ஆகட்டும், சுமதியும் சரி என்று சொல்லிவிட்டாள் என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுப்பில் பால் வைத்ததையே மறந்துவிட்டேன். பிறகு அடுப்பைத் துடைக்கும்போதுதான் ஒரு சந்தேகம் வந்தது. நாங்கள் ஆசைப்படுகிறோம் என்று உனக்கு யார் சொன்னது? நானும் சொல்லவில்லை, அப்பாவும் சொல்லவில்லை. போன பொங்கலுக்கு நீ வந்து, "இங்கயே ஒரு வேலை பாத்துக்கட்டுமாம்மா" என்று கேட்டபோது, "ஒன் இஷ்டம்ப்பா" என்றுதான் இருவரும் சொன்னோம். அதை நீ எப்படிப் படித்தாயோ, நீ எழுதியதைச் சுமதி எப்படிப் படித்தாளோ. நான்கு பேர், நான்கு பேருமே அடுத்தவருக்காகச் சரி என்கிறோம். யாருக்கு என்ன வேண்டும் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. நீ வேலையை விட்டுவிட்டு வந்து நின்ற பிறகு தெரிந்தால் அதை யார் சரிசெய்வது?

கல்யாண மண்டபத்தில் உனக்கு எல்லோரும் ஒரே புத்திமதிதான் சொல்லப்போகிறார்கள். திருநீறு பூசும்போது சொல்வார்கள், மொய் எழுதிவிட்டு வந்து சொல்வார்கள், பாயசம் குடித்த வாயோடு சொல்வார்கள்: "விட்டுக்குடுத்துப் போங்க. விட்டுக்குடுத்துப் போனா ஒரு கொறையும் வராது." எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அப்பாவுக்கும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். நாங்கள் இருவரும் நல்ல மாணவர்கள், சொன்னதை அப்படியே செய்தோம். வெகுகாலம் செய்தோம். அதில் என்ன குறை வரும் என்று எங்களுக்குக் காட்டியது ஒரு கம்ப்யூட்டர்.

நீ பம்பாய் போன மறு வருஷம் எங்கள் கல்லூரிக்கு இரண்டு கம்ப்யூட்டர்கள் வந்தன. ஊரிலுள்ள வெயிலெல்லாம் எங்களுக்கு, குளிர்சாதனம் அதற்கு. அந்த அறைக்குள் போகும்போது செருப்பை வெளியே விட வேண்டும். திரைக்குக் குங்குமப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் சுற்றிப்போட்டு, அதன் பிறகுதான் சுவிட்சைப் போட்டார்கள். கணக்குப் பிரிவில் நானும் இயற்பியலில் அப்பாவும் அதற்கென்று பயிற்சிக்குப் போய்வந்தோம் அல்லவா, அதனால் பிள்ளைகளுக்கு ஒரு செய்முறைப் புத்தகம் எழுதித் தரும் வேலை எங்கள் தலையில் விழுந்தது. முதல்வர் கூப்பிட்டுச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருக்கீங்க. தனியா மீட்டிங் போட வேண்டியதில்ல பாருங்க. பேசி எழுதிருங்க." அந்தப் படிப்பு அடுத்த வருஷமும் தொடருமா என்பது முதல் வருஷத்துப் பிள்ளைகள் செய்முறைத் தேர்வில் எப்படிச் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. தேர்வு நடத்த வெளியிலிருந்து ஆள் வருவார்கள். பிள்ளைகளுக்கோ எங்கள் புத்தகத்தைத் தவிர வேறு கதி இல்லை.

நாங்கள் சொல்லித் தந்தது ஃபோர்ட்ரான் என்ற மொழி. அதற்கு ஒரு குணம் உண்டு. ஒவ்வொரு வரியிலும் முதல் ஆறு இடம் வரி எண்ணுக்கும் குறிகளுக்கும் ஒதுக்கியது. கட்டளை ஏழாவது இடத்தில் தொடங்க வேண்டும், எழுபத்திரண்டாவது இடத்துக்குள் முடிந்துவிட வேண்டும். அதைத் தாண்டி எழுதினால் கம்ப்யூட்டர் திட்டாது, பிழை என்றும் சொல்லாது. தாண்டியதைப் படிக்காமல் விட்டுவிட்டு மிச்சத்தை வைத்துக் கணக்குப் போட்டுவிடும். இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில் எங்கே எவ்வளவு வெற்றிடம் விடுவது என்பது எழுதுகிறவர் இஷ்டம். ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் பகுதிக்கு லூப் என்று பெயர். அதற்குள் வரும் வரிகளைக் கொஞ்சம் உள்ளே தள்ளி எழுதினால், எது உள்ளே எது வெளியே என்று படிக்கிறவருக்குப் பார்த்த உடனே புரியும். இயந்திரத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பிள்ளைகளுக்குத்தான் அது வேண்டும். சரி, எத்தனை இடம் தள்ளுவது? இதில்தான் நானும் அப்பாவும் முட்டிக்கொண்டோம்.

அப்பாவுக்கு நான்கு இடம் விட வேண்டும். "நம்ம சைக்ளோஸ்டைல் மெஷின் லட்சணம் ஒனக்குத் தெரியாதா? மை இழுகி வரும். ரெண்டு எடம் விட்டா எவன் கண்ணுக்குத் தெரியும்? வரியெல்லாம் ஒரே சீரா நிக்கிற மாதிரி இருக்கும்" என்றார். எனக்கு இரண்டு இடம் போதும். "லூப்புக்குள்ள லூப்பு, அதுக்குள்ள இன்னொண்ணுன்னு போறப்ப நாலு நாலாத் தள்ளிக்கிட்டே போனா வரி எல்லையத் தாண்டிரும். தாண்டுனா அம்புட்டுத்தான், வாலு அறுந்துரும்" என்றேன். பஸ்ஸில் பேசினோம், சாப்பிடும்போது பேசினோம். பெரியார் நிலையத்தில் பஸ் மாறும்போது நான் கோபத்தில் அப்பாவை விட்டுவிட்டு முதலில் வந்த வண்டியில் ஏறிப் போனதும் உண்டு. பிறகு நம் வீட்டில் சண்டைகள் எப்படி முடியுமோ அப்படி முடிந்தது. அப்பா பேப்பரை விரித்து முகத்தை மூடிக்கொண்டார். நான் ரசத்துக்குப் புளி கரைக்கப் போய்விட்டேன். அதன்பின் அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

பேச்சை எடுக்கவில்லையே தவிர, எனக்கு மனசு கேட்கவில்லை. இத்தனை வருஷம் குடும்பம் நடத்திவிட்டு இரண்டு வெற்றிடத்துக்காகவா முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வது என்று தோன்றியது. ஓய்வு நேரத்தில் என் துறையறையில் உட்கார்ந்து, என் பாடங்களில் இருந்த புரோகிராம்களை எல்லாம் நான்கு இடம் தள்ளி மறுபடி எழுதினேன். டைப்பிஸ்டிடம் நேராகக் கொடுத்து நகலெடுக்க ஸ்டென்சில் வெட்டச் சொன்னேன். அப்பாவிடம் மூச்சு விடவில்லை. புத்தகம் வந்ததும் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும், தெரிந்துகொண்டு கொஞ்சம் உருகட்டும் என்று ஒரு நப்பாசை. விட்டுக்கொடுக்கிறவர்களுக்கு இந்த ஆசை எப்போதும் உண்டு தம்பி, அவர்களைப் பெரிய தியாகிகள் என்று நினைத்து ஏமாந்துவிடாதே. மாடியில், இயற்பியல் துறையறையில், அதே வாரத்தில் அப்பா தன் பாடங்களை எல்லாம் இரண்டு இடமாக மாற்றி எழுதிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

புத்தகம் தயாராகிப் பிள்ளைகள் கைக்குப் போனது. பைண்டு செய்ததைப் புரட்டிப் பார்க்கக்கூட நேரமில்லாமல் வகுப்பு தொடங்கிவிட்டது. என் பாடத்தில் அணிப் பெருக்கல் வந்த அன்று, பிள்ளைகள் புத்தகத்தைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து அப்படியே அடித்தார்கள். எல்லோருக்கும் விடை வந்தது. எல்லோருக்கும் ஒரே விடை. எல்லோருக்கும் தப்பான விடை. ஒரு பிள்ளைக்குத் தப்பு வந்தால் பிள்ளையைப் பார்ப்போம், வகுப்புக்கே தப்பு வந்தால் வாத்தியார்தான் தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "மிஸ், எல்லாருக்கும் இதே ஆன்சர்தான் வந்திருக்கு. அப்ப இதுதான சரி?" என்று கேட்டாள். நான் கையால் போட்டு வைத்திருந்த விடையைக் கரும்பலகையில் எழுதக் கூச்சமாக இருந்தது. கம்ப்யூட்டர் பிழை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் தேடியிருக்கலாம். அது சமர்த்தாக ஓடி முடித்துவிட்டு அடுத்த வேலைக்குக் காத்திருந்தது.

பென்சில் முனையை வைத்து வரியை இடம் இடமாக எண்ணினேன். மூன்றாவது லூப்புக்குள் இருந்த நீளமான வரி எல்லையைத் தாண்டியிருந்தது. கடைசியில் கூட்ட வேண்டிய ஒரு உறுப்பு முழுசாக வெளியே நின்றது. இயந்திரம் அதைப் படிக்கவே இல்லை. எது நடக்கும் என்று நான் பஸ்ஸெல்லாம் கத்திக்கொண்டு வந்தேனோ, அதை நானே என் கையால் நடத்தி வைத்திருந்தேன். அந்த நேரத்தில் அப்பா வெறுங்காலோடு அறைக்குள் வந்தார், கையில் புத்தகம். அவர் பாடத்தில் எந்த வரி லூப்புக்கு உள்ளே, எது வெளியே என்று பிள்ளைகளுக்குக் கண்ணுக்குத் தெரியவில்லையாம். மை இழுகியதில் இரண்டு இடம் இருந்த சுவடே இல்லை. ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி புரிந்துகொண்டு ஒவ்வொரு விடை சொல்கிறார்களாம். வந்தவர் என் மேஜையில் திறந்திருந்த பக்கத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, ஒன் பாடத்துல எதுக்கு நாலு எடம் விட்டிருக்க?"

"நீங்கதான கேட்டீங்க! அது சரி, ஒங்க பாடத்துல எதுக்கு ரெண்டு?"

"நீதான கேட்ட!"

பிள்ளைகள் எல்லோரும் திரையையே வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசைப் பெண்ணுக்கு மட்டும் தோள் குலுங்கியது. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு பாதியில் அழுகையாக மாறப் பார்த்தது. அன்றே முதல்வர் கூப்பிட்டார், அவர் அறையில் சிரிப்புக்கு இடமில்லை. அவர் சத்தம்கூடப் போடவில்லை. "பரீட்சைக்கு ஆள் வரப்போறாங்க. பாதிப் புத்தகம் ஒரு மாதிரி, மீதி ஒரு மாதிரி. எதுதான் முறைன்னு புள்ளைங்க கேட்டா நான் என்ன சொல்லட்டும்?" என்றார்.

வீடு வரும்வரை நான் ஒன்றையே நினைத்துக்கொண்டு வந்தேன். எல்லை தாண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் எண்ணிப் பார்க்கவில்லை? என் முறையில் எழுதியிருந்தால் ஒவ்வொரு வரியையும் எண்ணியிருப்பேன். அது அவருடைய முறை. அவர் கேட்டதைக் கேட்டபடி செய்தாயிற்று, இனி அது என் பாடு இல்லை என்று உள்ளுக்குள் ஒரு விலகல். அன்பினால்தான் விட்டுக்கொடுத்தேன், அதில் சந்தேகமில்லை. ஆனால் விட்டுக்கொடுத்த நிமிஷத்திலேயே அக்கறையையும் சேர்த்து விட்டுவிட்டேன். அப்பாவும் அப்படித்தான். மை இழுகும் என்று சொன்னவர், தன் ஸ்டென்சிலில் ஒரு நகல் எடுத்துப் பார்த்திருக்க மாட்டாரா? பார்க்கவில்லை. நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் எம்புட்டு நல்லவர்களாக இருந்தோமோ, அம்புட்டுக்குப் பிள்ளைகள் தவித்தார்கள்.

அன்று சாயங்காலம் அப்பா பேப்பரை விரிக்கவில்லை. புத்தகத்தைக் கூடத்தில் பிரித்துப் பரப்பினார். "இந்தா பாரு, எனக்காகன்னு ஒரு பேச்சு வரக்கூடாது. ஒனக்கு எது வேணும், ஏன் வேணும், அத மட்டும் சொல்லு. நானும் சொல்றேன்" என்றார். சொன்னோம். முதல்முறையாக முழுசாகக் கேட்டோம் என்றும் சொல்லலாம். அவருக்கு வேண்டியது நான்கு என்ற எண்ணே இல்லை, லூப் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். எனக்கு வேண்டியதும் இரண்டு இல்லை, வரி எல்லைக்குள் நிற்க வேண்டும். இதைக் கண்டுபிடித்த பிறகு வழி தானாக வந்தது. உள்ளே தள்ளுவது இரண்டு இடம்தான். ஆனால் லூப் தொடங்கும் வரியிலிருந்து முடியும் வரிவரை, ஸ்டென்சிலில் ஊசிப்பேனாவால் பக்கத்தில் ஒரு கோடு இழுத்துவிடுவது. மை இழுகினாலும் கோடு தெரியும். முதல் பக்கத்தில் ஒரு குறிப்பு வைத்தோம்: ஆரம்பத்து ஆறு இடம் இயந்திரத்தின் சட்டம், உள்ளே விட்ட இரண்டு இடம் படிக்கிறவர்களின் வசதிக்கு நாங்கள் பேசி வைத்துக்கொண்டது, கோடு கண்ணுக்கு மட்டும், அதை டைப் அடிக்க வேண்டாம் என்று. அந்தக் கடைசி வாக்கியம் என் பிடிவாதத்தில் சேர்ந்தது. பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

உன் அப்பா சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்காலில் வளர்ந்தவர் இல்லையா, அவர்கள் பக்கம் வெற்றிலை மாற்றாத பேச்சு முடிந்த பேச்சாகாது. உள்ளே போய்த் தட்டில் வெற்றிலை பாக்கு எடுத்துவந்து, சம்பந்தி மாதிரி சம்மணம் போட்டு உட்கார்ந்து, "ரெண்டு எடம், ஒரு கோடு. சம்மதமா?" என்றார். "சம்மதம்" என்று வாங்கிக்கொண்டு நானும் ஒரு தட்டுக் கொடுத்தேன். எங்கள் நிச்சயதார்த்தத்தில் பெரியவர்கள்தான் மாற்றிக்கொண்டார்கள், எங்களை யாரும் கேட்கவில்லை. இது நாங்களே மாற்றிக்கொண்டது. பிழையான பக்கங்களை மறுபடி ஸ்டென்சில் வெட்டி, பழையதைக் கிழித்துப் புதியதைச் சேர்த்தோம். பிள்ளைகள் தேர்வை நன்றாகவே எழுதினார்கள். படிப்பு நின்றுபோகவில்லை, இன்றும் நடக்கிறது.

நின்றுபோனது வேறொன்று, வாய்விட்டுக் கேட்காமல் விட்டுக்கொடுக்கும் பழக்கம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மொட்டைமாடியில் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அப்பா கேட்டார்: "ஏம்மா, ஒன்னு கேக்கறேன். இந்த சமயநல்லூர்ல வந்து வீடு கட்டுனது ஒனக்காகத்தான, ஒனக்குப் பிடிச்சிருக்குல்ல?" எனக்குக் கையில் இருந்த மாவு காய்ந்துபோய்விட்டது. நான் டவுனில் பிறந்தவள். மாசி வீதிச் சத்தம் இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அவர் தோட்டம் துரவு பார்த்து வளர்ந்தவர், வெட்டவெளி இல்லாமல் இருக்க மாட்டார் என்று நினைத்துத்தான் வாயைத் திறக்காமல் இங்கே வந்தேன். அவரோ, நான் எப்போதோ பஸ்ஸில் போகும்போது "இங்கன காத்து நல்லா வருதுல்ல" என்று சொன்னதைப் பிடித்துக்கொண்டு, சினிமாக் கொட்டகைக்கு நடந்து போகிற தூரத்தில் இருந்த வாடகை வீட்டை மனசில்லாமல் காலி செய்திருக்கிறார். நீ பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போனாயே, அது யாருடைய ஆசையும் இல்லை தம்பி. நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார்.

பிறகு உட்கார்ந்து பேசினோம். விற்றுவிட்டு டவுனுக்குப் போவதா என்று இரண்டு மாதம் சண்டை போட்டோம். கடைசியில் இங்கேயே இருப்பது என்று முடிவாயிற்று. தென்னை காய்க்க ஆரம்பித்துவிட்டது, கிணற்றுத் தண்ணீர் அவ்வளவு ருசி, பக்கத்து வீட்டு அம்மாவை விட்டு எனக்குப் போக முடியாது. அதே வீடுதான், அதே சுவர்தான். ஆனால் இப்போது இது நாங்கள் கேட்டு வாங்கிய வீடு. மாசத்துக்கு இரண்டு படம் பார்ப்பது என்று அப்பா தன் பங்குக்கு ஒரு நிபந்தனை சேர்த்துக்கொண்டார், அதையும் ஒழுங்காக நிறைவேற்றுகிறோம். இதையெல்லாம் நீ இல்லாத காலத்தில் தெரிந்துகொண்டோமே என்றுதான் எனக்கு ஆற்றாமை. நீ எங்களிடம் பார்த்து வளர்ந்தது பழைய பாடம். சத்தம் வராத வீடு நல்ல வீடு என்று நினைத்துக்கொண்டு நீ பம்பாய்க்குப் போய்விட்டாய்.

ஆகவே உன் விஷயத்துக்கு வருகிறேன். இன்று காலை இட்லி ஊற்றும்போது இந்தப் பேச்சை நான்தான் தொடங்கினேன். அப்பா பளிச்சென்று சொல்லிவிட்டார்: "அவன் அங்கயே இருக்கட்டும். அந்த வேலை அவனுக்குப் பொருந்தியிருக்கு. இங்க வந்து எதையோ ஒண்ணப் பாத்துக்கிட்டு, நமக்கு மருந்து வாங்கிக் குடுத்துக்கிட்டு, அவன் பொழுது போறத என்னால பாக்க முடியாது." அது அப்பாவின் விருப்பம். நான் அதற்குச் சம்மதிக்கவில்லை. என் விருப்பத்தையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். நீ வர வேண்டும். பக்கத்துத் தெருவில் வீடு எடுத்துக்கொள், ஒரே வீட்டில் வேண்டாம். சுமதி என்னோடு கல்லூரிக் கதை பேசிக்கொண்டு கறிக்குழம்புக்கு வெங்காயம் உரிக்க வேண்டும், நீ என் சமையலைக் குறை சொல்ல வேண்டும். இந்த ஆசையை "ஒன் இஷ்டம்ப்பா" என்று மூடிவைத்துப் பேசினேன் பார், அது உன்மேல் வைத்த மரியாதை என்று நினைத்திருந்தேன். வெறும் பயம் தம்பி. கேட்டு நீ மாட்டேன் என்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

இப்போது கேட்டுவிட்டேன். நீயும் சுமதியும் உட்கார்ந்து பேசுங்கள். அவள் திண்டுக்கல்லில் இருக்கிறாள், நீ அங்கே இருக்கிறாய், கடிதத்தில்தான் பேச முடியும், பரவாயில்லை. உங்களுக்குச் சரி என்றால் எனக்கும் சரி என்று அவள் எழுதினால் அதைத் திருப்பி அனுப்பு. உனக்கும் அதேதான். பம்பாயே வேண்டும் என்று நீ எழுதினால் நான் அழுவேன். ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாள். அழுது முடித்துவிட்டு ரயிலில் பம்பாய் வர எத்தனை பொழுது ஆகும் என்று விசாரித்து வைத்துக்கொள்வேன். அதையெல்லாம் நான் தாங்கிக்கொள்வேன். உனக்கு வேண்டுமென்று வந்தால் வாசலில் நின்று அழைத்துக்கொள்வேன். எனக்காக என்று மட்டும் வந்து நிற்காதே.

அன்புடன்,
அம்மா